மறுநிறுவலின் வரலாறு: 'சிக்கலான எழுத்து' என்கிற பெட்டி குறித்துச் சில குறிப்புகள்

1

"ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசா விண்டோஸ் போட்டா எல்லாம் சரியாயிரும் சார்." கணிப்பொறி வைத்திருந்த எல்லோரும் ஒரு முறையாவது கேட்ட வாக்கியம் இது. இதில் பேச என்ன இருக்கிறது, இது சர்வீஸ் பண்ணுகிற பையனின் வேலைதானே என்று தோழர்கள் கேட்கலாம். கட்டுரைக் களம், கோட்பாட்டுக் களம் என்று நாம் வகுத்து வைத்திருக்கிற எல்லைக்குள் இயங்குதளத்தை மறுபடி நிறுவுகிற காரியம் இதுவரை வந்ததில்லை. கவிதையையும் சிறுகதையையும் அவற்றின் பின்னாலிருக்கும் அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்கப் பழகிய நாம், அந்தக் கவிதையும் சிறுகதையும் தட்டச்சு செய்யப்பட்ட பொறியை மட்டும் அப்பாவியாக விட்டு வைத்திருக்கிறோம்.

மேலே சொன்ன வாக்கியத்தில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, கணிப்பொறிக்குச் சுத்தமான ஓர் ஆதிநிலை இருந்தது. பயன்படுத்தியவர்கள்தான் அதை அழுக்காக்கினார்கள். இரண்டு, அழித்துவிட்டு மறுபடி போட்டால் அந்த ஆதிநிலைக்குத் திரும்பிவிடலாம். ஆதியில் இருந்த தூய்மை, பின்னால் வந்த கலப்பு, மீட்டெடுக்க வேண்டிய தொடக்கம் என்கிற இந்தச் சொல்லாடலை வேறு இடங்களில் நாம் நன்றாகவே அறிவோம். சாதி பற்றியும் மொழி பற்றியும் பண்பாடு பற்றியும் பேசுகிறவர்களிடம் இதைக் கேட்டிருக்கிறோம். அங்கெல்லாம் நாம் கேட்ட கேள்வியை இங்கும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தத் தூய ஆதிநிலை யாருடையது? அதில் யார் இருந்தார்கள், யார் இல்லை?

எனது பதில் சுருக்கமானது. நமக்கு விற்கப்பட்ட இயங்குதளங்களின் ஆதிநிலையில் நெடுங்காலம் தமிழ் இல்லை. தமிழ் என்பது பயனர் செய்த 'அழுக்குகளில்' ஒன்றாக இருந்தது. எனவே ஒவ்வொரு மறுநிறுவலும் தமிழை ஒரு முறை அழித்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அதை மறுபடி கொண்டுவந்து வைத்தார். இந்த அழிப்புக்கும் வைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்ல விண்டோஸ் எக்ஸ்பியை மையமாக எடுத்துக்கொள்கிறேன். 2001 அக்டோபரில் வெளிவந்து 2014 ஏப்ரல் வரை நிறுவனத்தின் ஆதரவோடு இருந்த தளம் அது. தமிழ் எழுத்து தனித்தனி எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு நகர்ந்ததும் அந்தப் பதிமூன்று ஆண்டுகளில்தான்.

2

எக்ஸ்பிக்கு முந்திய நிலையை முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸ் 95 வெளிவந்தது 1995 ஆகஸ்டில், விண்டோஸ் 98 வெளிவந்தது 1998 ஜூனில். இவற்றில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், மொத்தம் 256 இடங்கள். முதல் 128 இடங்களில் ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள், கட்டளைகள். நம் ஊருக்கு வந்த பதிப்புகளில் மீதி 128இல் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள். தமிழுக்கு என்று ஓர் இடம்கூடக் கிடையாது.

அப்படியானால் தொண்ணூறுகளில் நாம் எப்படித் தமிழில் அச்சுக் கோத்தோம்? மாறுவேடம் போட்டுத்தான். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்துவிடுவது. ஈழத்தவர் மத்தியிலும் புலம்பெயர்ந்தோர் இதழ்களிலும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று தட்டினால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்கிற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். கணிப்பொறியைப் பொறுத்தவரை அது பொருளற்ற ஓர் ஆங்கிலச் சொல். பாமினி என்கிற உடுப்பைப் போட்டால் மட்டும் நம் கண்ணுக்குத் தமிழ்.

இந்த எழுத்துருக்கள் இருக்கிற இடம் விண்டோஸ் கோப்புறைக்குள், சி டிரைவில். ஃபார்மட் செய்யும்போது அழிவதும் சி டிரைவ்தான். 'டேட்டா எல்லாம் டி டிரைவில் பத்திரமா இருக்கு' என்று சொல்லப்பட்டது உண்மை. கோப்புகள் பத்திரமாக இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சிற்றிதழ்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுத்த மையங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கெல்லாம் மேசை இழுப்பறைக்குள் 'ஃபான்ட்' என்று பேனாவால் எழுதி ஒட்டிய ஃப்ளாப்பி ஒன்று கட்டாயம் இருக்கும். சிஸ்டம் போய்விட்டால் முதலில் தேடுவது அதைத்தான். ஓர் ஊரில் ஒரு கணிப்பொறியில் தமிழ் உயிரோடிருப்பது அந்த ஒன்றரை மெகாபைட் தகட்டில் பூஞ்சை பிடிக்காமல் இருப்பதைப் பொறுத்தது. மொழியின் பெருமை பற்றி மேடைகளில் முழங்கியவர்களுக்கு இந்த இழுப்பறை பற்றித் தெரியாது.

இதில் இன்னொரு அரசியலும் இருந்தது. எந்தத் தமிழ் வடிவத்தை எந்த ஆங்கில இடத்தில் வைப்பது என்பதை ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் எழுதியதை இன்னொன்றில் திறக்க முடியாது. வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறில்லை. தமிழ் ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே கணிப்பொறிக்குள் அது ஒன்றையொன்று அறியாத பல தமிழ்களாகக் கிடந்தது.

இதற்கு எதிரான முயற்சி முதன்மையாக அரசுகளிடமிருந்து வரவில்லை. சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் தாம் உருவாக்கிய மயிலை எழுத்துருவை இலவசமாகத் தந்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கினார். 1997இல் அங்கு முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே வாதாடி 'டிஸ்கி' என்கிற பொதுக் குறியீட்டுக்கு வந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்கிற இரு குறியீடுகளையும் ஏற்றது. ஒற்றுமைக்காகக் கூடியதில் மூன்று தரங்கள் கிடைத்தன. பழைய தனியார் எழுத்துருக்களும் அப்படியே இருந்தன. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் இயங்குதளம் தன் ஆதிநிலையில் இடம் தராத ஒரு மொழியைப் பேசியவர்கள், அந்த மறுப்புக்கு உள்ளேயே நின்று செய்ய முடிந்தது இவ்வளவுதான் என்பதையும் பார்க்க வேண்டும்.

3

யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது 1991 அக்டோபரில். அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. விண்டோஸ் வரிசையில் தமிழ் யூனிகோடைக் கையாளத் தெரிந்த முதல் தளம் விண்டோஸ் 2000. அது வந்தது 2000 பிப்ரவரியில். தரம் ஏட்டில் ஏறியதற்கும் பொறிக்குள் இறங்கியதற்கும் இடையே எட்டாண்டுகளுக்கு மேல். நாம் எழுத்துரு ஃப்ளாப்பிகளோடு அலைந்த காலம் இதுதான்.

பிறகு எக்ஸ்பி வந்தது. வீடுகளுக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கும் தமிழ் யூனிகோடு சென்று சேர்ந்தது பெரிதும் இதன் வழியாகவே. ஆனால் எக்ஸ்பியின் ஆங்கிலப் பதிப்பை நிறுவி முடித்ததும் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் வெறும் கட்டங்கள் வரும். ஏதாவது தமிழ் எழுத்துரு இருந்தாலோ, கொம்பும் காலும் இடம் மாறித் திரியும். சரிசெய்ய வேண்டுமானால் கன்ட்ரோல் பேனலுக்குப் போக வேண்டும். வட்டார, மொழி அமைப்புகளைத் திறக்க வேண்டும். அங்கே இரண்டு சிறு பெட்டிகள். முதல் பெட்டிக்கு எதிரே எழுதியிருப்பதன் பொருள் இது: 'சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கும், தாய் மொழி உட்பட, வேண்டிய கோப்புகளை நிறுவு.' அதில் டிக் அடித்தால் ஓர் அறிவிப்பு வரும். அரபி, அர்மீனியம், ஜார்ஜியம், ஹீப்ரு, 'இந்திக்', தாய், வியட்நாமியம் ஆகியவற்றுக்கான கோப்புகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், இதற்கு 10 மெகாபைட் அல்லது கூடுதல் இடம் வேண்டும் என்று சொல்லும். பிறகு எக்ஸ்பி குறுந்தகட்டைக் கேட்கும். தகட்டில் ஐ386 என்கிற கோப்புறையிலிருந்து கோப்புகள் வரும். கணிப்பொறியை நிறுத்தித் திறந்தால் தமிழ் தெரியும்.

இந்தச் சிறு பெட்டியை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்போம்.

முதலாவது, 'சிக்கலான' என்கிற அடைமொழி. பொறியாளர்கள் இதைக் கலைச்சொல்லாகத்தான் வைத்தார்கள் என்பது உண்மை. ரோமன் எழுத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வடிவங்களை அடுக்கினால் போதும். தமிழில் 'கொ' என்பது நினைவகத்தில் 'க' முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் பதியப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறி இரண்டாக உடைந்து, ஒற்றைக்கொம்பு 'க'வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்வதற்குத் தனி நிரல் ஒன்று வேண்டும். எல்லாம் சரி. ஆனால் எதனோடு ஒப்பிட்டு இது சிக்கல்? அச்சுக்கூடத்தில் கம்போசிட்டர் ஒற்றைக்கொம்பை எடுத்து வைப்பார், 'க'வை வைப்பார், காலை வைப்பார். அவருக்கு இதில் சிக்கல் ஒன்றும் இருந்ததில்லை. ரோமன் எழுத்து 'எளிது' என்றானது, அந்த எழுத்தைக் கையாளுவதற்கென்றே இந்தப் பொறி முதலில் கட்டப்பட்டதால். தன் வரலாற்றை மறைத்துக்கொண்டு இயல்பானதாக நிற்பது மையத்தின் வழக்கம். மற்றதெல்லாம் 'சிக்கல்'.

இரண்டாவது, 'இந்திக்' என்கிற சொல். அறிவிப்பில் தாய் உண்டு, ஜார்ஜியம் உண்டு. தமிழின் பெயர் இல்லை, வங்காளத்தின் பெயர் இல்லை, மலையாளத்தின் பெயர் இல்லை. ஒரு துணைக்கண்டத்தின் எழுத்துமுறைகள் எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. கணக்கெடுப்பு அதிகாரிகள் செய்த வேலைதான் இது.

மூன்றாவது, அளவு. எக்ஸ்பியை நிறுவக் குறைந்தது 1.5 ஜிகாபைட் இடம் வேண்டும் என்று அந்த நிறுவனமே சொன்னது. அரபியிலிருந்து வியட்நாமியம் வரை அத்தனை மொழிகளுக்கும் சேர்த்துக் கேட்ட 10 மெகாபைட் அதில் ஏறத்தாழ நூற்றைம்பதில் ஒரு பங்கு. சீனம், ஜப்பானியம், கொரியத்துக்கான இரண்டாவது பெட்டி 230 மெகாபைட் கேட்டது. அதை விருப்பத் தேர்வாக வைத்ததற்கு இடப் பற்றாக்குறையைக் காரணம் சொல்லலாம். முதல் பெட்டிக்கு அந்தக் காரணம் பொருந்தாது. யாரை வாசகராகக் கற்பனை செய்து இந்தத் தளம் கட்டப்பட்டது என்பதற்குத்தான் அது சாட்சி. பின்னால் எக்ஸ்பிக்குத் தமிழ் இடைமுகத் தொகுப்பு ஒன்றும் வந்தது. அதுவும் மேலே போர்த்திக்கொள்ளும் போர்வைதான்; கீழே இருந்தது ஆங்கிலம்.

நான்காவது, குறுந்தகடு. நம் ஊரில் மூலத் தகடு யாரிடம் இருந்தது? ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கிக் கோத்த பொறிகளில் நகல் தகட்டிலிருந்து எக்ஸ்பி போட்டுவிட்டு, தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார் போட்டவர். அடுத்த வாரம் ஒருவர் தமிழ் வரவில்லையே என்று டிக் அடித்தால் பொறி தகட்டைக் கேட்கும். தகடு இராது. எ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களைத் தந்த ஆர்வலர்கள், மென்பொருளோடு கூடவே இந்தப் பெட்டியில் டிக் அடிப்பது எப்படி என்கிற செய்முறையையும் படம் போட்டு விளக்க வேண்டியிருந்தது. 'பெட்டியில் டிக் அடிங்க' என்பதை ஓர் இயக்கமாகவே நடத்தினார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஒருவர் பொறியில் ஃபார்மட் நடந்தால் அந்த இயக்கம் அவர் வீட்டில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

4

இங்கு ஓர் எதிர்வாதம் வரும். தமிழ்த் தேசிய நோக்கில் பேசுகிற நண்பர்கள், பிழை இயங்குதளத்தில் இல்லை, யூனிகோடிலேயே இருக்கிறது என்பார்கள். யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய அரசின் இஸ்கி குறியீட்டைப் பின்பற்றியது. இஸ்கி எல்லா இந்திய மொழிகளையும் ஒரே அச்சில் வார்த்தது. அந்த அச்சு தேவநாகரிக்குப் பொருந்துவது. அதனால் அகரம் ஏறிய 'க' அடிப்படையாகவும், அதில் புள்ளி சேர்த்தால் வரும் 'க்' வழிநிலையாகவும் ஆகிவிட்டது. நம் இலக்கண மரபில் மெய்தான் அடிப்படை, உயிர் வந்து ஏறுகிறது. இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 முறையை 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்ததும் இந்தக் கோபத்தின் விளைவே.

ஆனால் டேஸ்16 நிலைக்கவில்லை. இயங்குதளங்கள் அதைத் தம் ஆதிநிலையில் ஏற்கவில்லை. அதற்கும் தனி எழுத்துரு நிறுவ வேண்டும், ஃபார்மட் ஆனால் மறுபடி நிறுவ வேண்டும். அதாவது இழுப்பறை ஃப்ளாப்பிக்கே திரும்பிப் போகிறோம். இலக்கணப்படி எது சரி என்கிற விவாதத்தைவிட, மறுநிறுவலுக்குப் பிறகும் எது மிஞ்சும் என்கிற கேள்வி முதன்மையானது என்றே நான் கருதுகிறேன். பொறிக்குள் 'இயல்பாக' இருப்பதுதான் அதிகாரம். சரியாக இருப்பது அடுத்த விஷயம்.

பெட்டி எப்போது மறைந்தது? 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில். அதில் எல்லா எழுத்துமுறைகளும் டிக் எதுவும் இல்லாமலே இயங்கின. மேம்படுத்தல் என்பதே மோசடி என்று பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. தமிழுக்கு அது மெய்யான முன்னேற்றம். ஆனால் எக்ஸ்பி 64 மெகாபைட் நினைவகத்திலும் தத்தித் தத்தி ஓடும். விஸ்டா குறைந்தது 512 கேட்டது, ஒழுங்காக ஓட ஒரு ஜிகாபைட். தமிழ் இயல்பாகவே உள்ள பொறி வேண்டுமென்றால் புதுப் பொறி வாங்க வேண்டும். வாங்க முடியாதவர்கள் எக்ஸ்பியிலும் அந்தப் பெட்டியிலும் இன்னும் பல ஆண்டுகள் கிடந்தார்கள். மொழிச் சமத்துவம் வந்தது, வர்க்கத்தின் வாசல் வழியாக வந்தது.

5

இனி, ஒரு தளம் எப்போது 'பழையது' ஆகிறது என்கிற கேள்வி. மாட்டு வண்டி அச்சு தேய்ந்தால் பழையது. இயங்குதளம் தேய்வதில்லை. அதன் முதுமை ஒரு நாள் குறித்து அறிவிக்கப்படுகிறது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. ஏப்ரல் 7 அன்று ஓடிய அதே நிரல்தான் 9 அன்றும் ஓடியது. நின்றுபோனது பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துத் தரும் வேலை. அதுவும் எல்லோருக்கும் நிற்கவில்லை. பிரிட்டன் அரசு ஓராண்டுக்கு ஏறத்தாழ 55 லட்சம் பவுண்டு கொடுத்து எக்ஸ்பிக்கான ஆதரவை நீட்டித்துக்கொண்டது. காசு கொடுத்தவருக்கு அது உயிரோடு இருந்தது, கொடுக்காதவருக்குச் செத்துவிட்டது.

2017 மே மாதம் வான்னாக்ரை என்கிற தாக்குதல் உலகெங்கும் பரவியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் முடங்கின. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன்னிடம் வைத்திருந்து, பின்னர் கசிந்துபோன ஒரு கருவியின் வழியாக அது பரவியது. உடனே மைக்ரோசாஃப்ட் மூன்று ஆண்டுகளுக்கு முன் 'இறந்த' எக்ஸ்பிக்கான ஒட்டை எல்லோருக்கும் வெளியிட்டது. பணம் கட்டியவர்களுக்கு அது அதற்கு முன்பே தயாராக இருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 பொறிகள் என்று பின்னால் தெரியவந்தது. எனவே பழசை வைத்திருந்தவர்கள்தான் குற்றவாளிகள் என்கிற பேச்சும் முழு உண்மை இல்லை. அதற்காகப் பழைய தளத்தோடு இணையத்தில் அலையலாம் என்று நான் சொல்லவில்லை, ஆபத்து மெய்யானது. அந்த ஆபத்தை யார் தலையில் எப்போது இறக்கி வைப்பது என்பது ஒரு முடிவு. முடிவெடுக்கிற இடத்தில் நாம் இல்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கும் இதே சடங்கு நடந்தது. இம்முறை அடுத்த தளம் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லைக் கட்டாயமாகக் கேட்கிறது. அது இல்லாததால் நன்றாக ஓடுகிற பொறிகளும் அதிகாரபூர்வமாக மேலே போக முடியாமல் நிற்கின்றன.

இந்த நாள் குறிப்பை அரசியலாக எதிர்கொண்டவர்கள் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியில் விண்டோஸ் என்டி 4 என்கிற தளத்துக்கு ஆதரவு முடியப்போகிறது என்றதும், அடுத்த விண்டோஸுக்குப் போவதா என்று விவாதம் எழுந்தது. 2003இல் நகரமன்றம் லினக்ஸுக்கு வாக்களித்தது. மைக்ரோசாஃப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மர் நேரில் வந்து பேசியும் முடிவு மாறவில்லை. ஏறத்தாழ 15,000 பொறிகள், பத்தாண்டு உழைப்பு, 2013இல் மாற்றம் நிறைவேறியது. 2017இல் புதிய பெரும்பான்மை விண்டோஸுக்கே திரும்புவது என்று தீர்மானித்தது. வெற்றியா தோல்வியா என்று இதைத் தீர்ப்பிடுவதில் எனக்கு அக்கறை இல்லை. எந்தத் தளத்தை நிறுவுவது என்பது ஒரு மக்கள் மன்றத்தில் விவாதித்து வாக்கெடுக்க வேண்டிய விஷயமாக அங்கே இருந்தது. அதுதான் முக்கியம்.

நம்மிடம்? 2007இல் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அரசுக் கணிப்பொறிகளைச் சுசே லினக்ஸுக்கு மாற்றும் பணியைத் தொடங்கினார். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே பொறிக்குள் வந்தன. 2014இல் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, துறைகள் பாஸ் லினக்ஸை நிறுவலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பெயரின் முதல் எழுத்து 'பாரத்'. எல்லாத் தேசத்து ஆர்வலர்களும் சேர்ந்து எழுதிய டெபியன் நம்மிடம் வந்ததும் ஒரு தேசத்தின் பெயரைச் சூடிக்கொள்கிறது. அதைத் தனியே விவாதிக்கலாம். இங்கு கவனிக்க வேண்டியது வேறு. இவை எல்லாம் அதிகாரியின் ஆர்வத்தாலும் அரசாணையாலும் நடந்தவை. எந்த உள்ளாட்சி மன்றத்திலும், எந்த ஆசிரியர் சங்கத்திலும், எந்த இலக்கியக் கூட்டத்திலும் இது விவாதமானதாக நான் அறியேன். எழுத்தாளர்களாகிய நாம் இதைப் 'பொட்டி ரிப்பேர்' என்று ஒதுக்கிவிட்டோம்.

6

ஒதுக்கியதன் விலை நமது சொந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தொண்ணூறுகளின் சிற்றிதழ்கள் பல பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அந்தக் கோப்புகளைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன் 2012இன் சிஎஸ்6. அதற்குப் பிந்தியவை திறக்காது. டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியில் தன் மென்பொருள்களிலிருந்து நீக்கியது. ஆக, ஒரு பழைய இதழ்க் கோப்பைத் திறக்க அன்றைய இயங்குதளம், அன்றைய மென்பொருள், அன்றைய எழுத்துரு மூன்றும் ஒன்றாக வேண்டும். எங்கோ ஒரு நண்பர் வீட்டுப் பரணில் எக்ஸ்பி பொறி ஒன்று இன்னும் ஓடினால், அது ஒரு நூலகம். யாராவது 'புதுசா போட்டுத் தர்றேன்' என்று அதில் கை வைத்தால் ஒரு காலகட்டத்தின் பிரதி போய்விடும். புத்தகமாக அச்சானது மிஞ்சும்; அச்சேறாத கடிதங்கள், முதல் வரைவுகள், நிறுத்தப்பட்ட இதழ்களின் கடைசிப் பக்கங்கள் மிஞ்சாது.

மாற்றிக்கொண்டால் போயிற்று என்பார்கள். மாற்றிகள் இருக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவை செய்த பணி எந்தப் பல்கலைக்கழகமும் செய்ததற்குக் குறைந்ததில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் முதலில் இணைமதி, மயிலை எழுத்துருக்களிலும், பிறகு டிஸ்கியிலும், பிறகு யூனிகோடிலும் என்று தங்கள் நூல்களை மாற்றி மாற்றிக் காப்பாற்றினார்கள். சங்க இலக்கியத்தை ஏட்டிலிருந்து பதிப்பித்தவர்களைக் கொண்டாடுகிற நாம், அதே நூல்களைக் குறியீட்டிலிருந்து குறியீட்டுக்குக் கடத்திய இவர்களையும் பதிப்பாசிரியர்களாகக் கருத வேண்டும்.

மாற்றுவதும் சும்மா இயந்திர வேலை இல்லை. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் பதிந்தவை. கொம்பு முதலில், எழுத்து பிறகு. யூனிகோடில் தலைகீழ். ஔகாரக் குறியின் பின்பகுதியும் 'ள' எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே என்பதால் ஒரே விசையில் தட்டினார்கள். மாற்றும் நிரலுக்கு அது குறியா எழுத்தா என்று தெரியாது. 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்று இன்றைக்கும் இணையமெங்கும் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் தேடினால் ஒன்றை மற்றது அறியாது. கட்டுரைக்கு நடுவே ஆங்கிலச் சொல் வந்திருந்தால் இன்னும் மோசம். எது ஆங்கிலம், எது பாமினி வேடமிட்ட தமிழ் என்பதைச் சொல்லுகிற ஒரே அடையாளம் எழுத்துருவின் பெயர். வெறும் உரையாகச் சேமித்தால் அந்த அடையாளம் அழிந்து, ஆங்கிலச் சொற்களும் அர்த்தமற்ற தமிழாக மாறும். யாராவது உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும்.

எனவே சில யோசனைகளை முன்வைக்கிறேன். பழைய பொறியை ஃபார்மட் செய்வதற்கு முன் விண்டோஸ் கோப்புறையிலுள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுதாக நகலெடுக்க வேண்டும். டி டிரைவைக் காப்பாற்றினால் போதாது. எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில், எந்த மென்பொருளில் என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். முடிந்தால் பொறியின் வட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்து, புதுப் பொறிக்குள் மெய்நிகர் இயந்திரமாக, இணையத்தோடு இணைக்காமல் ஓட்டலாம். திறக்கிற கோப்புகளையெல்லாம் அச்சு வடிவம் மாறாத பிடிஎஃப் ஆகவும், யூனிகோடு உரையாகவும் இரண்டு விதமாகச் சேமிக்க வேண்டும். ஒன்று சாட்சிக்கு, ஒன்று தேடுவதற்கு. எழுத்துரு நிறுவனங்கள் தங்கள் பழைய குறியீட்டு அட்டவணைகளை வெளியிட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அந்த எழுத்துருக்களை இன்று யார் காசு கொடுத்து வாங்கப் போகிறார்கள்? பூட்டி வைப்பதால் அவர்களுக்கு லாபம் இல்லை, நமக்கு நட்டம் உண்டு. அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் அடுத்த தளத்தை வாங்கும்போது, பழைய கோப்புகள் திறக்குமா, தமிழ் எந்தப் பெட்டியிலும் டிக் அடிக்காமல் வருமா, ஆதரவு முடியும் நாளை யார் குறிப்பார்கள் என்கிற மூன்று கேள்விகளையும் ஒப்பந்தத்தில் எழுத வைக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் இதழ் நடத்திய, பக்கம் கட்டிய, தட்டச்சு செய்த நண்பர்கள் தங்களிடம் என்ன கோப்புகள், எந்த எழுத்துருவில், எந்தத் தகட்டில் இருக்கின்றன என்று எழுதினால் ஒரு பொதுப் பட்டியலைத் தொடங்கலாம். இதில் உடன்படாதவர்களும் எழுதட்டும். குறிப்பாக, டேஸ்16 பற்றி நான் சொன்னதை மறுப்பவர்களோடு விவாதிக்க விரும்புகிறேன்.